குழி மூட வந்தவர்

எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியில் தோண்டுவதற்கு ஒரு கூட்டமே இருந்தது. மூடுவதற்கு அவர் ஒருவர்தான். தோண்டுகிறவர்களுக்கு ஹிட்டாச்சி, வெடி, சங்கு, வரிசையாக லாரி. மூடுகிறவருக்கு ஒரு குடை. கல்லெல்லாம் லாரியேறித் தூத்துக்குடி ரோட்டில் போன பிறகு, கிடக்கிற பள்ளத்தை நிரப்பி, மேலே நல்ல மண்ணைப் பரப்பி, நிலத்தை உடையவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டமாம். அந்தச் சட்டத்துக்காகக் கம்பெனி வைத்த ஆள் அவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போதும் எங்கேயாவது யாருக்காவது சரி என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு எதற்குத் தொந்தரவு.

யார் எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். "அதுக்கென்ன, செஞ்சிருவோம்." சொல்லும்போதே ஒரு அடி பின்னால் வைப்பார். இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு அடி. பேசி முடிக்கும்போது கேட்டவர் ஓரிடத்திலும் இவர் வேறிடத்திலும் நிற்பார்கள்.

ஆடு மேய்க்கிற சுடலை ஒரு நாள் வந்து நின்றான். மண்மேட்டில் போட்டிருந்த புல் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது.

"சார், புல்லு நல்லா வந்திருக்கு. ஆடு ரெண்டு வாய் கடிச்சிக்கிடட்டுமா?"

அன்று காலையில்தான் மேனேஜரிடம், "ஒரு ஆடு உள்ள வராது சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னது. இப்போது சுடலையிடமும் அதுக்கென்ன என்றார். பிறகு ரொம்ப நேரம் யோசித்து அவனைத் திரும்பக் கூப்பிட்டு, "மேனேஜர் ஜீப்பு இல்லாத நேரமாப் பாத்து மேயட்டும்" என்றார். கொஞ்ச நாளில் ஆடுகளுக்கே பழகிவிட்டது. ஜீப் சத்தம் கேட்டால் சுடலை குரல் கொடுக்க வேண்டாம், தானாகவே வேலிக்கு வெளியே ஓடிவிடும். அந்தக் குவாரியில் மேனேஜர் சத்தம் கேட்டு ஓடியவை அந்த ஆடுகளும் இவரும்தான்.

நான் அந்த ஆபீசைப் பெருக்கி, டீ போட்டு, சாயங்காலம் செடிகளுக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிற வேலை பார்த்தேன். என் நிலமும் அந்தக் குவாரிக்குள்தான் இருந்தது. ஆபீஸ் பக்கத்துப் பள்ளம் மூன்று பேர் நிலத்தைத் தின்று உண்டானது. கடைக்கார அண்ணாச்சியுடையது ஒன்று. பிலோமினா அக்காவுடையது ஒன்று. அவள் கடற்கரைக்காரி. வீட்டு ஆண்கள் கப்பலுக்குப் போய்ச் சம்பாதித்து உள்நாட்டில் நிலம் வாங்கியவர்கள். மூன்றாவது என்னுடையது. மூன்றும் குத்தகைக்குப் போனவை. குத்தகை முடியும்போது திரும்பி வர வேண்டியவை.

முதல் மண்ணை வழிக்கிற நாளில்தான் அந்தக் கூத்து. கல் எடுப்பதற்கு முன்னால் மேலே உள்ள விளைச்சல் மண்ணைத் தனியாக வழித்துக் குவித்து வைப்பார்கள். மேல்மண் என்று அதற்குப் பெயர். அதற்குக் கீழே வருகிற சுக்கான் கல், வெள்ளை மண், உடைகல் எல்லாம் ஆபீஸ் பேச்சில் ஓபி. அதற்கு ஒரு தனி மேடு. ஊரில் நாங்கள் அதை வெள்ளை மலை என்போம், அதில் ஒரு எருக்குகூட முளைக்காது. ஆகவே மேல்மண்தான் உயிர். அதை ஒரே குவியலாகக் குவிக்கலாம் என்று இயந்திரக்காரர்கள் தொடங்கியபோது அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"சார், என் மண்ணு வருசா வருசம் ஆட்டுக்கிடை போட்ட மண்ணு. அந்தம்மா நிலத்துல கருவாட்டுக் கழிவைக் கொட்டியிருக்காவ. கவுச்சி மண்ணு. ரெண்டையும் சேத்துராதீங்க, பாத்துக்கிடுங்க."

பிலோமினா விடுவாளா. "ஓ! ஆட்டுப் புழுக்கைன்னா அண்ணாச்சிக்கு சந்தனமோ? என் மண்ணுல மிளகா காய்ச்சத ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. அவிய மண்ணு என் மண்ணுல ஒரு கூடை விழுந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன் ஐயா."

அவர் அண்ணாச்சிக்கு ஒரு அடியும் பிலோமினாவுக்கு ஒரு அடியுமாகப் பின்னால் போனார். "அதுக்கென்ன, தனித்தனியா வச்சிருவோம்."

அப்படித்தான் எங்கள் குவாரியில் மேல்மண் மூன்று குவியலானது. குவியலுக்கொரு கல் நட்டு, அண்ணாச்சி தன் கல்லில் மஞ்சள் பூசினார், பிலோமினா தன் கல்லில் சிலுவை போட்டாள். என் குவியல் யாரும் கேட்காமலே மிஞ்சியதால் தனியாக நின்றது. அதில் இருந்தது கரம்பை. நானும் என் வீட்டுக்காரரும் கோடையில் குளம் வற்றும்போதெல்லாம் தலைச்சுமையாகச் சுமந்து போட்ட வண்டல் மண். வீட்டுக்காரர் காலமான பிறகு நான் தனியாகவும் சுமந்தேன். எனக்கும் அதைச் சேர்த்துவிடாதீர்கள் என்று சொல்லத் தோன்றியது. டீக் கிளாஸைக் கழுவப் போய்விட்டேன்.

சர்க்கார் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் மூன்று குவியலையும் பார்த்து, ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு குவியலாகப் பார்த்தார். அப்புறம், "மண்ணோட தன்மை வாரியா சார்" என்றார். வந்தவர்கள் கையைக் குலுக்கினார்கள். இந்த மாதிரி எந்தக் குவாரியிலும் செய்யவில்லை என்று மூன்று குவியலையும் பின்னால் வைத்து அவரைப் படம் எடுத்தார்கள். மஞ்சள் பூசிய கல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டபோது, "அது உயர்ந்த ரகம் சார்" என்று சொல்லிவிட்டார். அதை அண்ணாச்சி தன் காதால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சர்க்காரே சொல்லிவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆடி வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று மனிதரையே ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்க வைக்கும். மண் சும்மா இருக்குமா. ஒரு குவியலின் தூசி அடுத்த குவியலில் போய் உட்கார்ந்தது. அண்ணாச்சி வந்து, "அந்தம்மா மண்ணு பறந்து என் மண்ணுல விழுது சார்" என்றார். "ஆமா, நானும் பாத்தேன்" என்றார் இவர். பிலோமினா வந்து, "அண்ணாச்சி மண்ணு பூராவும் எம்மேலதான் வருது" என்றாள். "ஆமா, நானும் பாத்தேன்." ஒரே காற்று இரண்டு திசையிலும் அடித்ததை அந்த ஊரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பிலோமினா வீட்டிலிருந்து பழைய மீன்வலைகளைக் கொண்டுவந்து தன் குவியலைப் போர்த்தினாள். அவருக்கு அது பிடித்துப்போய், எல்லாக் குவியலுக்கும் வலை போடலாமே என்றார். அண்ணாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, தன் குவியலுக்குக் கடையிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து தைத்துப் போர்த்தினார். என் குவியலுக்கு நான் தழையுரத்துக்குப் போடுகிற கொளுஞ்சியை விதைத்துத் தண்ணீர் தெளித்தேன். அது முளைத்து வேர் பிடித்து மண்ணைக் கட்டிக்கொண்டது. அவர் தினமும் வந்து அந்தக் கொளுஞ்சியைப் பார்ப்பார். ஒன்றும் கேட்காத குவியல் அது ஒன்றுதானே.

இன்னொரு நாள் அவர் குட்டையில் விழுந்தார். ஓபி மேட்டிலிருந்து மழையில் வடிகிற பால் மாதிரித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஒரு குட்டையில் நிறுத்தி, வண்டல் அடியில் தங்கிய பிறகு தெளிந்த தண்ணீரை வெளியே விடுவார்கள். அந்தத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி ஊர்க்காரர் நாலு பேரும், திறக்கக் கூடாது என்று ஆபீஸ் ஆள் ஒருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இரண்டுக்கும் சரி சொல்லிச் சொல்லிப் பின்னால் போனவருக்குக் கரை முடிந்ததே தெரியவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளையாக ஏறி வந்தார். குடை மட்டும் கையில் அப்படியே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டுத்தான் கையைக் கொடுத்தார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அவருக்கு என்னிடம் பேசப் பிடிக்கும். நான் எதுவும் கேட்க மாட்டேன் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். காலையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பேசுவார். வருசங்கள் போய், கல் எடுத்து முடிகிற சமயத்தில் ஒரு நாள் இப்படிச் சொன்னார்.

"அக்கா, ஊர்ல எல்லாரும் பள்ளம் பூரா மூடிரும்னு நினைக்காவ. எப்படி மூடும்? கல்லு பூரா போயிட்டு. இட்லியத் தின்னுட்டு, மிச்ச சட்னிய வச்சித் தட்டை நிரப்ப முடியுமா?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"ஒரு ஓரம் பள்ளமாத்தான் நிக்கும். அது குளமாயிரும். மூணு நிலத்துல ஒரு நிலம் குளம்தான். இத எப்படிச் சொல்லுதது?"

என்னிடம் சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் ஒரு நிலம் அதில் இருக்கிறது என்பதும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சிக்கு எப்படியோ வாசனை பிடித்துவிட்டது. ஒரு தார் பழத்தோடு வந்தார். "என் நிலத்துல குளம் கிளம்னு ஒண்ணும் வந்துராதுல்லா சார்?" "சேச்சே, உங்க நிலத்துலயா? வராது அண்ணாச்சி." மறுநாள் பிலோமினா. பொரித்த சீலா மீனைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள். "வராதும்மா, நீங்க நிம்மதியா போங்க." இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். மூன்று நிலம். இரண்டில் வராது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். டீயை வைப்பேன். "இன்னும் சீனி போடணுமா சார்" என்று கேட்பேன். அதோடு என் வாய் மூடிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் மிச்சச் சில்லறை தராவிட்டால்கூட நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறவள் நான்.

ஒரு வாரம் அவர் டீ குடிக்க வரவில்லை. நான் பள்ளத்துப் பக்கம் போனேன். புல்டோசர் மற்ற இரண்டு நிலத்துப் பக்கமும் ஓபியைத் தள்ளிக்கொண்டிருந்தது. என் நிலம் இருந்த பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். மழைக்குத் தண்ணீர் வந்து சேர வாய்க்காலும் அதன் பக்கமாகவே வெட்டியிருந்தார்கள்.

அவர் அடுத்த நாள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அக்கா, குளம் உங்க பேர்லதான் இருக்கும். தண்ணி பூரா உங்களுக்குத்தான்."

தண்ணீரில் எப்படி உளுந்து விதைப்பது என்று கேட்க நினைத்தேன்.

"நீங்க ஒண்ணும் கேக்கலியேக்கா" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

கேட்டிருந்தால் எனக்கும் குளம் வராது என்றுதான் சொல்லியிருப்பார். மூன்று பேருக்கும் வராத குளத்தைப் பிறகு எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார் என்று யோசித்தபோது, அந்த நிலைமையிலும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது. பிலோமினாவுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. "ஏளா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு மீனைப் பொரிச்சுக் குடுத்திருந்தா நிலம் நிலமா இருந்திருக்கும்லா" என்று என்னைத்தான் திட்டினாள்.

நிலம் போய்விட்டது. எனக்கு மிச்சம் அந்தக் குவியல்தான்.

அது எனக்குத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு குவியலையும் அவரவர் நிலத்தில் பரப்பி முடித்த மறுநாள், என் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு டிப்பரும் மண் அள்ளுகிற இயந்திரமும் வந்து நின்றன.

"எங்க கொண்டு போறீய?" என்றேன் டிரைவரிடம்.

"கெஸ்ட் ஹவுசுக்கு ஆச்சி. அங்கன புல்தரை போடப் போறாவளாம். நிலம் குளமாயிட்டுல்லா, இந்த மண்ணு உபரின்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

எனக்குச் சண்டை போடத் தெரியாது. கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டேன். கொளுஞ்சியைப் பிடித்துப் பிடித்துக் குவியல்மேல் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் கூப்பிட்டுப் பார்த்தான், ஹாரன் அடித்துப் பார்த்தான். கடைசியில் அவரை அழைத்துக்கொண்டு வந்தான்.

அவர் குடையோடு ஓடி வந்தார். "என்னக்கா இது, இறங்குங்க."

"இது என் மண்ணு சார்."

"உங்க மண்ணுதான். யாரு இல்லன்னா?"

"எனக்கு வேணும்."

"நிலம் இல்லாம மண்ண மட்டும் வச்சி என்ன செய்வீங்க?"

"வீட்டுப் பின்னால உவர் நிலம் கிடக்கு. ஒண்ணும் முளைக்காது. அதுமேல கொட்டுவேன்."

"அதுக்கென்ன, செஞ்சிரு..." என்று ஆரம்பித்தவர் டிப்பரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு குரலை இறக்கினார். "அக்கா, இப்படிச் செய்வோமா? பாதி அங்க போகட்டும். பாதி உங்களுக்கு. இல்லன்னா இப்ப போகட்டும், அடுத்த மாசம் வேற நல்ல மண்ணா..."

"எனக்கு சரின்னு சொல்லாதீங்க சார்."

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"அண்ணாச்சிக்கு சரின்னீங்க. பிலோமினாவுக்கு சரின்னீங்க. ஆடு மேய்க்கிறவனுக்கு சரின்னீங்க, மேனேஜருக்கும் சரின்னீங்க. எனக்கு அந்த சரி வேண்டாம். நான் தலையில சுமந்த மண்ணு இது. மேனேஜர்கிட்ட இல்லன்னு சொல்லுங்க. சொல்லாம நான் இறங்க மாட்டேன்."

அவ்வளவு நீளமாக நான் வீட்டில்கூடப் பேசியதில்லை. டிரைவர் இயந்திரத்தை அணைத்துவிட்டான்.

அவர் போனை எடுத்தார். எடுத்துப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். மேனேஜர் குரல் எப்போதும் போனுக்கு வெளியே கேட்கும்.

"என்னய்யா, டிப்பர் கிளம்பிட்டா?"

"இல்ல சார்."

"எப்பக் கிளம்பும்?"

"கிளம்பாது சார்."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார்."

"டீசல் போடலையா?"

"டீசல் நிறைய இருக்கு சார்."

"பின்ன என்னய்யா? ஒண்ணும் விளங்கல. டவர் இல்ல போல. மேட்டுல ஏறி நின்னு பேசு."

அவர் குடையை மடக்கினார். கொளுஞ்சியைப் பிடித்து ஏறி, என் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"மண்ணு தர முடியாது சார். இந்தக்கா மண்ணு. இவங்க வீட்டுக்குத்தான் போகுது."

மேனேஜர் கேட்டார்:

"யாரு பேசுறது?"

இவர் தன் பெயரைச் சொன்னார். வேலைக்குச் சேர வந்தவர் மாதிரி, அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துச் சொன்னார். போனை அணைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் ரொம்ப சத்தமாச் சொல்லிட்டனோ?"

"கேக்கிற மாதிரிதான் சொன்னீங்க சார்."

அன்று மத்தியானத்துக்குள் மண் முழுவதும் என் வீட்டுப் பின்பக்கம் வந்து இறங்கியது. டிரைவரே கொளுஞ்சி வேரோடு இருந்த மேல்பாகத்தைக் கடைசியாகக் கொண்டுவந்து கொட்டினான். அவருக்கு மாற்றல் வந்தது. கர்நாடகப் பக்கம் ஏதோ ஒரு குவாரி என்று ஆபீசில் சொன்னார்கள். போகிற நாளில் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கிளாஸை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் கறாரானவர். முடியாது என்றால் முடியாது. ஆடு வரக் கூடாதென்றால் வரக் கூடாது. அண்ணாச்சி தன் நிலத்தில் சுக்கான் மேலே தலைகாட்டுகிறது என்று சொல்லப் போனபோது, போட வேண்டிய மண்ணைப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். ஊரே அவரைத் திட்டுகிறது. "முன்ன இருந்தவர் எப்படிப்பட்ட மனுசன்! ஒரு வார்த்தை இல்லன்னு சொன்னதுண்டா?" என்று அண்ணாச்சி கடையில் வைத்து எல்லோரிடமும் கேட்கிறார்.

நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி, ஒரு தரம் இல்லை என்று சொன்னார், என் கண் முன்னால், மேனேஜரிடமே சொன்னார் என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"போ தங்கச்சி. அந்த மனுசனாவது, இல்லன்னாவது. வெயில்ல உக்காந்திருந்தேல்லா, கிறுகிறுத்திருக்கும்."

வாங்க வந்த பருப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்பக்கம் உளுந்துக்குத் தண்ணீர் விட்டேன்.